அழைப்பவரின் கைப்பேசியில் நீங்கள் எப்படித் தெரிகிறீர்கள்?

கேள்வி: தேசியமயமாக்கப்பட்ட வங்கி ஒன்றில் 34 ஆண்டுகள் பணியாற்றி, கிளை மேலாளராக ஓய்வு பெற்றுத் தஞ்சாவூரில் வசிக்கிறேன். பணியில் இருந்த காலத்திலேயே மகளிர் குழுக்களிடமும் உழவர்களிடமும் வங்கி நடைமுறைகளைப் பற்றிப் பேசிப் பழக்கம் உண்டு. ஓய்வுக்குப் பின் ஓர் அரிமா சங்கத்திலும், இரண்டு கல்லூரிகளிலும், ஒரு நூலக வாசகர் வட்டத்திலும் பேசினேன். கேட்டவர்கள் மனமாரப் பாராட்டுகிறார்கள். ஆனால் அடுத்த அழைப்பு வருவதில்லை. ‘இணையத்தில் நீங்கள் இல்லவே இல்லை, அதனால்தான்’ என்று சொல்லி மகன் ஒரு யூடியூப் சேனல் தொடங்கிக் கொடுத்தான். எட்டு மாதங்களில் 61 காணொளிகள் போட்டிருக்கிறேன். பெரும்பாலானவை காலை வணக்கத்துடன் கூடிய ஒரு நிமிடத் தன்னம்பிக்கைச் சிந்தனைகள். சந்தாதாரர்கள் 212 பேர். பாதிப் பேர் உறவினர்கள். இப்போது ஒரு நிறுவனம் 45,000 ரூபாய் கொடுத்தால் மூன்று மாதங்களில் 10,000 பின்தொடர்வோரைச் சேர்த்துத் தருவதாகச் சொல்கிறது. அந்தத் தொகையைச் செலவிடலாமா? ஆங்கிலத்திலும் பேசினால்தான் எடுபடும் என்கிறான் மகன். இந்த வயதில் இது எனக்குச் சாத்தியம்தானா?

— ஓய்வு பெற்ற வங்கி மேலாளர், தஞ்சாவூர்

பதில்:

மதிப்பிற்குரிய அம்மா,

அந்த நிறுவனத்திடம் 45,000 ரூபாயைக் கொடுக்க வேண்டாம். மற்றவற்றைப் பொறுமையாகப் பேசலாம் என்றாலும் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனெனில் இப்படிப்பட்டவர்கள் ‘இந்த வாரத்துக்குள் முடிவு சொன்னால் தள்ளுபடி உண்டு’ என்று அவசரப்படுத்துவது வழக்கம். அவசரப்படுத்துபவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள் என்று மேடையில் சொல்லிவருபவர் நீங்கள். விலைக்கு வாங்கப்படும் பின்தொடர்வோர் பெரும்பாலும் ஆளில்லாக் கணக்குகள். அவற்றை யூடியூப் தன் விதிகளுக்கு முரணானவை என்று அவ்வப்போது நீக்கிவிடுகிறது. நீக்கப்படாமல் இருந்தாலும் நன்மை இல்லை. 10,000 சந்தாதாரர்கள் உள்ள சேனலில் ஒவ்வொரு காணொளியையும் 14 பேர் மட்டுமே பார்த்திருந்தால், அதைக் காண்பவருக்கு நடந்தது என்னவென்று உடனே புரிந்துவிடும். நிதி மோசடிகளைப் பற்றிப் பேச வருபவரின் பக்கத்தில் அப்படியொரு கணக்கு இருப்பதைக் காட்டிலும் 212 என்ற எண் மிகவும் மரியாதையானது.

நான் ஒரு கல்லூரியில் 17 ஆண்டுகள் நிகழ்ச்சி ஒருங்கிணைப்பாளராக இருந்து பேச்சாளர்களை அழைத்தவன். இப்போது பேச்சாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். அழைக்கும் இடத்தில் இருப்பவருக்கு எவை கண்ணில் படுகின்றன, எவை படுவதில்லை என்பதைச் சொன்னாலே உங்கள் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு விடை கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன்.

ஒரு புதன்கிழமை மாலை முதல்வர் அழைத்து, அடுத்த வாரம் மாணவியருக்கு நிதி விழிப்புணர்வு நிகழ்ச்சி ஒன்று நடத்தியாக வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் பேச்சாளர் பெயரைக் கொடுங்கள் என்பார். ஒருங்கிணைப்பாளர் உடனே இணையத்துக்குப் போவதில்லை. தெரிந்த இரண்டு மூன்று வாட்ஸ்அப் குழுக்களில் ‘நல்ல பேச்சாளர் யாராவது உண்டா’ என்று கேட்பார். நான்கு பெயர்கள் வரும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, வீட்டில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்க, அந்த நான்கு பெயர்களையும் கைப்பேசியில் ஒவ்வொன்றாகத் தேடுவார். அவர் மனத்தில் இருப்பவை சில எளிய அச்சங்கள்தாம். இவர் உண்மையிலேயே வங்கியில் மேலாளராக இருந்தவரா? 45 நிமிடம் பிள்ளைகளைக் கட்டிப்போட இவரால் முடியுமா? நடுவில் அரசியலோ சாதியோ மதமோ பேசி என்னைச் சிக்கலில் மாட்டிவிடுவாரா? எவ்வளவு கேட்பார்? இந்த அச்சங்கள் யாருடைய பெயரைத் தேடும்போது நீங்குகின்றனவோ அவருக்கு மறுநாள் காலையில் அழைப்பு போகும்.

ஆகவே பெயர் இன்றும் வாய்மொழியாகத்தான் போகிறது. அந்தப் பெயருக்குப் பின்னால் ஆள் இருக்கிறார் என்று உறுதி சொல்வதே இணையத்தின் வேலை. உங்கள் பேச்சைக் கேட்டுப் பாராட்டியவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. அவர்களில் ஒருவர் தம் நண்பரிடம் ‘தஞ்சாவூரில் ஓர் அம்மா பேசினார், மிக நன்றாக இருந்தது’ என்று சொல்லியும் இருப்பார். ‘அவர் பேசியது ஏதாவது இருந்தால் அனுப்புங்கள்’ என்று அந்த நண்பர் கேட்டபோது அனுப்புவதற்கு ஒன்றும் இல்லை. சேனலின் முகவரியை அனுப்பியிருந்தால் ரோஜாப் பூக்களுக்கு நடுவே காலை வணக்கம் போயிருக்கும். பேச்சு அந்த இடத்தில் நின்றுவிட்டது. நீங்கள் இணையத்தில் தேட வேண்டிய மக்கள் பல்லாயிரம் பேர் அல்லர். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை மாவட்டங்களில் நிகழ்ச்சிகளை நடத்தும் நிலையிலுள்ள சில நூறு பேர். அவர்களுக்காக மட்டும் உங்கள் இணைய முகத்தை அமைத்தால் போதும் என்பதே நான் சொல்ல வந்தது; மற்ற எல்லாம் அதன் விவரங்களே.

முதலில் பெயர். இது அற்பமாகத் தோன்றும். ஆனால் தமிழ்ப் பெயர் உடையவர்களுக்கு இணையத்தில் பாதிச் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. உங்கள் கடிதத்தின் கையொப்பத்தில் முதலெழுத்து பெயருக்கு முன்னால் இருக்கிறது. மின்னஞ்சலில் அது பின்னால் போய்விட்டது. யூடியூபில் முதலெழுத்தே இல்லாமல் கணவர் பெயர் சேர்ந்திருக்கிறது. பெயரில் ‘ழ’ வேறு இருப்பதால், ஆங்கிலத்தில் எழுதும்போது ஓரிடத்தில் இசட்-எச் என்றும் இன்னோரிடத்தில் எல் என்றும் வருகிறது. இவை அனைத்தும் ஒரே ஆள் என்பது உங்கள் குடும்பத்தாருக்குத் தெரியும், தேடுபவருக்குத் தெரியாது. தமிழில் ஒரு வடிவம், ஆங்கிலத்தில் ஒரு வடிவம் என்று முடிவு செய்து, அழைப்பிதழ் முதல் வாட்ஸ்அப் பெயர் வரை எல்லா இடங்களிலும் அவற்றையே எழுதுங்கள். ஓய்வூதிய ஆணையில் உள்ள ஆங்கில எழுத்துக்கோவையையே வைத்துக்கொண்டால் மதிப்பூதியம் வங்கிக் கணக்குக்கு வரும்போதும் தொல்லை இருக்காது. பெயரோடு எப்போதும் ஊரையும் பொருளையும் சேர்த்து எழுதுங்கள்: ‘வங்கிப் பாதுகாப்பு, நகைக் கடன், நாமினி நியமனம் குறித்த பேச்சாளர், தஞ்சாவூர்’. ஒரே பெயரில் பத்துப் பேர் இருக்கும் நாட்டில் இந்த ஒரு வரி பெரிய உதவி செய்யும்.

அடுத்து பொருள். தன்னம்பிக்கையைப் பற்றிப் பேச இந்தத் தமிழ்நாட்டில் ஆள் பஞ்சம் கிடையாது. தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் உண்மையிலேயே மிகச் சிறந்த பேச்சாளர்கள். அந்த வரிசையில் கடைசியாகப் போய் நிற்பதற்கு 34 ஆண்டு வங்கி அனுபவம் எதற்கு? டெல்டா மாவட்டத்தில் கிளை மேலாளராக இருந்தவருக்கு, குறுவைக்குத் தாலியை அடகு வைத்துத் தாளடி முடிந்து மீட்கும் குடும்பத்தின் கணக்கு தெரியும். நகைக் கடன் ரசீதில் எந்த வரியைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று தெரியும். கணவர் இறந்த பிறகு, எந்த வங்கியில் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் பழைய பாஸ்புக்கோடு கவுன்டருக்கு வந்து நின்ற பெண்கள் எத்தனை பேரைப் பார்த்திருப்பீர்கள்! 10 ஆண்டுகளாக எடுக்கப்படாத வைப்புத்தொகை ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும் என்பதும், அப்போதும் உரியவரோ வாரிசோ வங்கி வழியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்பதும், அப்படிக் கிடக்கும் தொகையைத் தேடுவதற்கு 2023 ஆகஸ்டில் ‘உத்கம்’ என்ற இணையதளம் தொடங்கப்பட்டது என்பதும் உங்கள் தெருவில் எத்தனை வீடுகளுக்குத் தெரியும்? வைப்புக் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினியாக நியமிக்கலாம் என்பது 2025 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஒரு வங்கியில் ஒருவருக்கு உள்ள வைப்புகளில் 5 லட்சம் ரூபாய் வரைதான் காப்பீடு என்பது படித்தவர்கள் பலரும் அறியாத செய்தி. காணொளி அழைப்பில் காவல் சீருடையில் வந்து ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டும் மோசடியைப் பற்றிப் பேச எல்லாக் கல்லூரிகளும் ஆள் தேடுகின்றன. அப்படியொரு கைது நம் சட்டத்தில் கிடையாது என்பதையும், பணம் போனவுடன் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைப்பதற்கும் மறுநாள் அழைப்பதற்கும் உள்ள வேறுபாட்டையும் ஒரு முன்னாள் மேலாளர் தம் வாயால் சொல்லும்போது அதன் எடையே வேறு.

இவற்றிலிருந்து மூன்று பேச்சுகளை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றுக்கும் தலைப்பு, யாருக்கானது, எவ்வளவு நேரம், கேட்டவர் வீட்டுக்குப் போய் என்ன செய்யலாம் என்பதை ஐந்து வரிக்குள் எழுதுங்கள். ‘நிதி விழிப்புணர்வு’ என்பது தலைப்பு ஆகாது. அது அரசாணையின் பெயர் போல இருக்கிறது. ‘அப்பாவின் பழைய பாஸ்புக்: வீட்டில் தூங்கும் பணத்தைத் தேடுவது எப்படி’ என்று எழுதினால், அழைப்பிதழில் அச்சிடும்போதே அரங்குக்குப் பத்துப் பேர் கூடுதலாக வருவார்கள்.

இனி காணொளி. உங்கள் கவலையெல்லாம் எண்ணிக்கையில் இருக்கிறது. அழைப்பவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான், அதாவது நீங்கள் உயிருள்ள மனிதர்கள் முன்னால் நின்று இருபது நிமிடம் பேசும் ஒரு பதிவு. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு முறை, நாற்பது விநாடித் துணுக்குகளால் பெரும் புகழ் பெற்றிருந்த ஒருவரை அவற்றை மட்டுமே பார்த்து அழைத்துவிட்டேன். மனிதர் மிக நல்லவர், நேரத்துக்கு வந்தார். ஆனால் 12 நிமிடத்தில் அவரிடம் இருந்தது தீர்ந்துவிட்டது. எஞ்சிய நேரத்தைக் கேள்வி நேரம் என்று அறிவித்துவிட்டு, எங்கள் மாணவர்கள் நால்வரைக் கண்ஜாடை காட்டி எழுப்பிக் கேள்வி கேட்க வைத்தேன். இன்னொரு முறை, ஒரு சிற்றூர் நூலகத்தில் எடுத்த 18 நிமிடப் பதிவு ஒன்றை யாரோ அனுப்பினார்கள். மின்விசிறிச் சத்தம், பின்னால் அலமாரி, முன்னூறு பேர்கூடப் பார்க்காத காணொளி. ஆறாவது நிமிடத்தில் மின்சாரம் போய் ஒலிபெருக்கி நின்றுவிடுகிறது. பேசிக்கொண்டிருந்த அம்மையார் ஒரு கணமும் தயங்காமல் மேடையை விட்டு இறங்கி, முன்வரிசைக்கு அருகில் வந்து நின்று, விட்ட வாக்கியத்தைத் தொடர்கிறார். அதைப் பார்த்த அன்றிரவே அவருக்கு எழுதினேன். துணுக்குகள் வேண்டாம் என்று சொல்லவில்லை; முழுப் பேச்சு ஒன்று இருந்து, அதிலிருந்து வெட்டிய மூன்று நிமிடம் கூடவே இருந்தால் நல்லது. முழுப் பேச்சு இல்லாமல் துணுக்குகள் மட்டும் இருந்தால், என்னைப் போல் ஒரு முறை சுட்டுக்கொண்டவர்கள் யோசிப்பார்கள்.

வாசகர் வட்டத்தில் பேசியதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கேயே இன்னொரு வாய்ப்பைக் கேட்டுப் பெறுங்கள். மாவட்ட மைய நூலகங்களிலும் பல கிளை நூலகங்களிலும் வாசகர் வட்டங்கள் இருக்கின்றன, பேச்சாளர் தேடி அலுத்துப்போன அமைப்பாளர்களும் இருக்கிறார்கள். அன்று மகனை உடன் அழைத்துச் செல்லுங்கள். கைப்பேசியை அகலவாக்கில் ஒரு முக்காலியில் பொருத்தி, மூன்றாவது வரிசையின் நடைபாதை ஓரமாக, உங்கள் இடுப்புக்கு மேல் தெரியும்படி வைக்கட்டும். படம் சுமாராக இருந்தாலும் பொறுத்துக்கொள்வார்கள். குரல் தெளிவாக இல்லையென்றால் முதல் நிமிடத்திலேயே மூடிவிடுவார்கள். ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் காலர் மைக் ஒன்றைச் சேலையில் பொருத்திக்கொள்வது நல்லது. பெரிய கூட்டமாக இருந்தால் மைக்செட்காரரிடம் அன்பாகப் பேசி, அவருடைய மிக்சரிலிருந்து ஒலியை நேரடியாகப் பதிவு செய்து தரச் சொல்லலாம். தேநீர் வாங்கிக் கொடுத்துக் கேட்டால் மறுப்பவர் குறைவு. அவையோரின் தலைகள் சிலவாவது படத்தில் தெரிய வேண்டும், சிரிப்பும் சலசலப்பும் கேட்க வேண்டும். சுவரைப் பார்த்துப் பேசும் காணொளிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுதான். பள்ளிப் பிள்ளைகளின் முகங்களை மட்டும் நெருக்கமாகக் காட்ட வேண்டாம். நிறுவனத்தின் அனுமதியையும் முன்கூட்டியே கேட்டு வாங்கிவிடுங்கள்.

பதிவேற்றும்போது ஒரு கத்தரிப்பு அவசியம். நம் மேடை மரபில் தலைவர், துணைத் தலைவர், செயலர், பொருளாளர், முன்னிலை வகிப்பவர், வரவேற்றவர், நன்றி சொல்ல இருப்பவர் என்று அனைவரையும் விளித்து முடிக்க நான்கு நிமிடம் ஆகும். அரங்கில் அது மரியாதை. குறைக்கச் சொல்ல மாட்டேன். காணொளியில் அந்த நான்கு நிமிடமும் போய், உங்கள் முதல் கதையே முதல் வாக்கியமாக இருக்க வேண்டும். நான் பேச்சாளர்களைத் தேடிய காலத்தில் ஒரு பதிவுக்கு ஒன்றரை நிமிடத்துக்கு மேல் கொடுத்ததில்லை. விளிப்பிலேயே அந்த நேரம் கழிந்துபோய் நான் தவறவிட்ட நல்ல பேச்சாளர்கள் எத்தனை பேரோ. காணொளியின் விளக்கக் குறிப்பில் எங்கே, எப்போது, யார் முன் பேசியது என்பதை எழுதி, அதன் கீழே நேரக் குறியீடுகளைக் கொடுங்கள்: 0:00 என்று தொடங்கி, மூன்றுக்குக் குறையாமல், ஒவ்வொரு பகுதியும் 10 விநாடிக்காவது இருக்கும்படி எழுதினால் யூடியூப் அவற்றை அத்தியாயங்களாகப் பிரித்துக் காட்டும். பார்ப்பவர் வேண்டிய இடத்துக்கு நேராகப் போவார்.

இருக்கும் 61 காணொளிகளை அழித்துவிட வேண்டாம், உழைத்தது உழைத்ததுதான். அவற்றில் வங்கி தொடர்பானவை ஐந்தாறு இருக்கலாம், அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை ‘பிரைவேட்’ என்று மாற்றிவிடுங்கள். உறவினர்களுக்குக் காலை வணக்கம் சொல்லக் குடும்ப வாட்ஸ்அப் குழு போதும்.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், லிங்க்ட்இன் எல்லாவற்றிலும் இருக்க வேண்டுமா என்று கேட்காவிட்டாலும் கேட்க நினைத்திருப்பீர்கள். வேண்டாம். உங்கள் வட்டாரத்துச் சங்கச் செயலர்களும் பேராசிரியர்களும் நூலகர்களும் ஃபேஸ்புக்கில் இருக்கிறார்கள். அங்கே மாதம் இரண்டு முறை, பேசிய நிகழ்ச்சியைப் பற்றியோ ஒரு புதிய வங்கி விதியைப் பற்றியோ பத்து வரி எழுதுங்கள். நிறுவனங்களின் மனிதவளத் துறையினரை எட்ட வேண்டும் என்ற எண்ணம் பின்னால் வந்தால் லிங்க்ட்இன் பார்த்துக்கொள்ளலாம்.

இவற்றைவிட முக்கியமானது ஒரே ஒரு பக்கம். கூகுள் சைட்ஸ் என்ற இலவச வசதியில் உங்கள் மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் அதை அமைத்துவிடலாம். உங்கள் படம், மூன்று பேச்சுகளின் விவரம், அந்த இருபது நிமிடக் காணொளி, இதுவரை பேசிய இடங்கள், தொடர்பு எண். தன்விவரக் குறிப்பை இரண்டு அளவுகளில் எழுதி வையுங்கள்: மேடையில் அறிமுகம் செய்பவர் அப்படியே வாசிக்க அறுபது சொற்களில் ஒன்று, கல்லூரிக் கோப்புக்கு ஒரு பக்கத்தில் ஒன்று, இரண்டும் தமிழிலும் ஆங்கிலத்திலும். வாசிக்க ஒன்றைக் கொடுக்காவிட்டால் அறிமுகம் செய்பவர் தாமாக ஏதாவது சொல்வார்; ‘சொல்லின் செல்வி’ என்று அழைத்துவிட்டு உங்கள் வங்கியின் பெயரை மாற்றிச் சொல்வார். தன்னாட்சிக் கல்லூரிகளும் கல்லூரிகளை மதிப்பிடும் நாக் (NAAC) அமைப்பின் தரச்சான்றுக்குத் தயாராகும் கல்லூரிகளும் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் பேச்சாளரின் தன்விவரம், அழைப்புக் கடிதம், இடக்குறியிட்ட ஒளிப்படம், மாணவர் கருத்துப் படிவம் என்று ஒரு கோப்பைச் சேர்த்தாக வேண்டும். கேட்பதற்கு முன்பே இவற்றில் தம் பங்கை அனுப்பிவைக்கும் பேச்சாளரை எந்த ஒருங்கிணைப்பாளரும் மறப்பதில்லை. ஒளிப்படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது சுருங்கிப் போகும். ஃப்ளெக்ஸ் அச்சடிக்கும்போது முகம் கட்டம் கட்டமாகத் தெரியும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் அந்தக் குறை இல்லை.

தொடர்பு எண்ணைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பெண் ஒருவரின் கைப்பேசி எண் பொதுவெளியில் இருந்தால் வேண்டாத அழைப்புகள் வரும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வங்கிக் கணக்கோடு இணைந்திருக்கும் எண்ணைக் கொடுக்கவே வேண்டாம்; தனி சிம் ஒன்றில் வாட்ஸ்அப் பிசினஸ் செயலியை நிறுவிக்கொண்டால், பேச்சுத் தலைப்புகளையும் பக்கத்தின் முகவரியையும் அதன் சுயவிவரத்திலேயே வைக்கலாம்.

இதையெல்லாம் செய்து வைத்துவிட்டு, அழைப்பு வரும் வரை காத்திருக்காதீர்கள். ரோட்டரி, அரிமா சங்கங்களின் ஆண்டு ஜூலை 1 அன்று தொடங்குகிறது. புதிய தலைவரும் செயலரும் ஜூன் மாதத்திலேயே ஆண்டு நிகழ்ச்சிகளை நிரப்பத் தொடங்கிவிடுவார்கள். அப்போது ஒரு செயலருக்கு நான்கு வரிக் குறிப்பும் காணொளி இணைப்பும் போனால், அவர் ஒரு தலைவலி தீர்ந்தது என்று நினைப்பார். நாட்டு நலப்பணித் திட்டத்தின் சிறப்பு முகாம்கள் ஏழு நாள் நடப்பவை. ஒவ்வொரு நாள் பிற்பகலுக்கும் ஒரு கருத்துரை வேண்டும், ஏழாவது நாளுக்குள் திட்ட அலுவலருக்குத் தெரிந்த பேச்சாளர்கள் அனைவரும் தீர்ந்துபோயிருப்பார்கள். நவம்பர் 14 முதல் 20 வரை நூலக வார விழா, டிசம்பர் 24 தேசிய நுகர்வோர் நாள், பிப்ரவரியில் ரிசர்வ் வங்கியின் நிதிசார் கல்வி வாரம் என்று உங்கள் பொருளுக்கென்றே நாட்கள் இருக்கின்றன. வங்கிகள் நடத்தும் நிதிசார் கல்வி மையங்களும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களும் உங்களுக்குப் பழகிய வாசல்கள். அங்கே உங்கள் பழைய சகாக்கள் இருப்பார்கள். ஆறு வாரத்துக்கு முன்பு எழுதுங்கள். எல்லாருக்கும் ஒரே செய்தியைக் குவியலாக அனுப்பாமல், அந்த அமைப்பு கடைசியாக என்ன நடத்தியது என்று பார்த்து எழுதுங்கள்.

மார்ச் 8 அன்று உங்களுக்குக் கட்டாயம் அழைப்பு வரும். ஒரே நாளில் மூன்று இடங்களிலிருந்து வந்தாலும் வியப்பில்லை. பெண் பேச்சாளர்களின் பெயர்கள் நம் அமைப்பாளர்களுக்கு ஆண்டுக்கு ஒரு நாள்தான் நினைவுக்கு வருகின்றன. நானும் அந்தக் குற்றத்தைப் பல ஆண்டுகள் செய்தவன். அந்த அழைப்பை ஏற்றுக்கொள்ளுங்கள், ஆனால் ‘பெண்மையின் பெருமை’ என்று அவர்கள் தரும் தலைப்பை அன்போடு மறுத்து, ‘ஒவ்வொரு பெண்ணும் தன் பெயரில் வைத்திருக்க வேண்டிய வங்கித் தாள்கள்’ என்று பேசுங்கள். அந்தப் பதிவுதான் ஏப்ரலிலும் மே மாதத்திலும் உங்களை அழைக்க வைக்கும்.

பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. கேட்கக் கூச்சமாக இருந்திருக்கும். மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் கட்டணம் இல்லை என்றும், மற்ற இடங்களில் பயணச் செலவும் மதிப்பூதியமும் எதிர்பார்க்கிறேன் என்றும் உங்கள் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். பொன்னாடையைக் காட்டிப் பேருந்தில் பயணச்சீட்டு வாங்க முடியாது. அதே சமயம் உங்களிடம் பணம் கேட்டு மேடை தருபவர்களையும் விலக்குங்கள்: ‘சிறந்த பேச்சாளர் விருது’, ‘கௌரவ டாக்டர் பட்டம்’ என்று பதிவுக் கட்டணத்தோடு வரும் கடிதங்கள் இனி உங்களைத் தேடி வரும். 2023 பிப்ரவரியில் சென்னையில் திரைக் கலைஞர்களுக்கே வழங்கப்பட்ட அப்படிப்பட்ட பட்டங்கள் போலி என்று தெரிந்து காவல்துறைப் புகார் வரை போனது நினைவிருக்கலாம். டெட்எக்ஸ் போன்ற மேடைகள் பேச்சாளருக்குப் பணம் தருவதில்லை, பேச்சாளரிடம் வாங்குவதும் இல்லை. 18 நிமிடத்துக்குள் பேச வேண்டும். அங்கே போக விருப்பம் இருந்தால் தடையில்லை, ஆனால் உங்கள் முதல் ஆண்டின் இலக்காக அதை நான் வைக்க மாட்டேன்.

உங்கள் துறைக்கே உரிய இரண்டு எல்லைகள் உண்டு. வாடிக்கையாளர்களின் கதைகளைச் சொல்லும்போது ஊர், கிளை, தொழில், ஆண்டு எதுவும் அடையாளம் காட்டாதபடி மாற்றிவிடுங்கள்; மேடையில் சொன்னது அந்த அரங்கோடு போகும், இணையத்தில் சொன்னது அந்தக் குடும்பத்தின் கைப்பேசிக்கே போய்ச் சேரும். இரகசியம் காக்கும் கடமை ஓய்வோடு முடிவதில்லை. அதேபோல் எந்தப் பங்கை வாங்கலாம், எந்தத் திட்டத்தில் போடலாம் என்று யாராவது காணொளியின் கீழே கேட்டால் விடை சொல்ல வேண்டாம். முதலீட்டு ஆலோசனையைத் தொழிலாகச் செய்யப் பங்குச் சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபியில் பதிவு வேண்டும், உங்கள் வேலை அது இல்லை. பழைய வங்கியின் சின்னத்தையும் பக்கத்தில் போடாதீர்கள். ‘ஓய்வு பெற்ற கிளை மேலாளர்’ என்ற சொற்களே போதும்.

மகன் சொல்லும் ஆங்கிலம் உங்களுக்கு இப்போது தேவையில்லை. ஆங்கிலத்தில் நிதியைப் பற்றிப் பேசுபவர்கள் ஏராளம். நகைக் கடன் அசலையும் வட்டியையும் ஒரத்தநாட்டுப் பெண்மணிக்கு அவருடைய பேச்சிலேயே விளக்கக்கூடிய முன்னாள் மேலாளர்கள் எத்தனை பேர் மேடைக்கு வருகிறார்கள்? தன்விவரக் குறிப்பு மட்டும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும், அது கோப்புக்காக. காணொளிக்கு ஆங்கில எழுத்துவரி (சப்டைட்டில்) சேர்க்க மகனுக்கு ஆர்வம் இருந்தால் செய்யட்டும்.

வயதைக் கேட்டிருந்தீர்கள். உங்கள் பொருளில் நரைத்த தலை ஒரு சான்றிதழ். இருபத்தைந்து வயதுக்காரர் ‘நான் பார்த்திருக்கிறேன்’ என்று தொடங்க முடியாத வாக்கியங்களை நீங்கள் தொடங்கலாம். பலன் தெரிய ஓராண்டு ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆறு மாதங்களில் அழைப்புகள் ஒன்றிரண்டுதான் வரும். ஒவ்வொரு நிகழ்ச்சி முடிந்த மறுநாளும் அமைப்பாளருக்கு ஒரு நன்றிக் குறிப்பும், உங்கள் பக்கத்தின் முகவரியும், ‘உங்கள் நண்பர்களில் யாருக்காவது இது பயன்படும் என்றால் அனுப்புங்கள்’ என்ற ஒரு வரியும் அனுப்புங்கள். வாசகர் வட்டப் பதிவு தயாரானதும் அதன் இணைப்பை எனக்கும் அனுப்பினால், முதல் ஒன்றரை நிமிடத்தை ஓர் ஒருங்கிணைப்பாளரின் கண்ணோடு பார்த்து என் கருத்தை எழுதுகிறேன்.